பூசணித் தோட்டத்துக்குப் போகிறவர்களுக்கு: செதுக்க ஒரு காய், குழம்புக்கு ஒரு காய்

அக்டோபர் பிறந்தால் போதும், 31-ஆம் தேதி ஹாலோவீனுக்கு முகம் செதுக்கி வாசலில் வைக்கப் பூசணி வாங்க வேண்டுமே, கலிஃபோர்னியாவில் ஃப்ரீமாண்ட், சன்னிவேல் பக்கம் இருக்கும் நம் ஆட்களின் வாட்ஸ்அப் குழுக்களில் "ஹாஃப் மூன் பே போறோம், எந்தப் பூசணித் தோட்டம் நல்லா இருக்கும்?" என்று கேள்வி வர ஆரம்பித்துவிடும். என்னைக் கேட்டால் தோட்டம் எதுவானாலும் பெரிய வித்தியாசம் இல்லை. எத்தனை மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்புகிறீர்கள், எந்தக் காயைத் தூக்கிக்கொண்டு வருகிறீர்கள், இந்த இரண்டும்தான் விஷயம். குழந்தைகள் பிறந்ததிலிருந்து அநேகமாக எல்லா வருஷமும் போகிறோம். மாமாவும் அத்தையும் ஊரிலிருந்து வந்திருந்த வருஷம்தான் இரண்டாவது விஷயம் எனக்கே ஒழுங்காகப் பிடிபட்டது. அதனால் இதில் பாதி மாமா சொன்னது.

முதலில் ரோடு. ஃப்ரீமாண்டிலிருந்து போகிறவர்களுக்கு வழி ஒன்றும் சிக்கல் இல்லை. 880 நெடுஞ்சாலையில் வடக்கே போய் 92-ஆம் நம்பர் ரோட்டைப் பிடித்தால், சான் மாட்டேயோ பாலத்தில் ஏறி இறங்கி, மலையைத் தாண்டி, அதே 92 கடலோர ஊரான ஹாஃப் மூன் பேயில் ஒன்றாம் நம்பர் ரோட்டில் போய் முடிகிறது. வரைபடத்தில் பார்த்தால் ஒரே கோடு. ஆனால் 280-ஐத் தாண்டிய பிறகு அது மலைப்பாதை, பெரும்பாலும் பக்கத்துக்கு ஒரே லேன், அதோடு கீழே இறங்கும்போது ரோட்டை ஒட்டியே நர்சரிகளும் பூசணிக் கடைகளும் தோட்டங்களும் வரிசையாக இருப்பதால் ஒவ்வொரு வண்டியும் எங்கேயாவது இடதுபக்கம் திரும்பக் காத்து நிற்கும், பின்னால் வருகிறவர்கள் எல்லாம் அதற்குக் கப்பம் கட்ட வேண்டும். அக்டோபர் சனி ஞாயிறுகளில் பதினோரு மணிக்கு அங்கே போய் மாட்டினால், பின்சீட்டில் "இன்னும் எவ்ளோ நேரம்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லியே தொண்டை வறண்டுவிடும்.

எட்டு மணிக்குக் கிளம்பிவிடுங்கள். தோட்டம் திறக்கும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தால் பார்க்கிங் பக்கத்திலேயே கிடைக்கும், ஆட்டுக்குட்டிகள் பசியோடு இருக்கும், கழிப்பறையும் பார்க்கிற மாதிரி இருக்கும் (பிளாஸ்டிக் கூண்டு கழிப்பறைதான், மதியத்துக்கு மேல் அதைப் பற்றிப் பேசாமல் இருப்பது நல்லது). திரும்பும்போது 92 மறுபடி அடைத்துக்கொண்டால் ஒன்றாம் நம்பர் ரோட்டிலேயே வடக்கே பசிஃபிகா வழியாகப் போங்கள். சுற்றுதான், ஆனால் 2013-இல் திறந்த டாம் லான்டோஸ் சுரங்கப்பாதை வழியாகப் போகிறது, குழந்தைகளுக்கு அது ஒரு தனி வேடிக்கை. தெற்கே லா ஹோண்டா வழியாக 84 இருக்கிறதே என்று கூகுள் ஆசை காட்டும். வளைவு மேல் வளைவு. வயிற்றில் இட்லி சாம்பாரோடு இருக்கும் நான்கு வயதுப் பையனை அந்த ரோட்டில் கூட்டிப்போவதற்கு முன் ஒருமுறை யோசித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, ஹாஃப் மூன் பே ஊரின் பெரிய பூசணித் திருவிழா நடக்கும் வாரக் கடைசியில் தோட்டத்துக்குப் போகாதீர்கள். 1971-இலிருந்து நடக்கிற விழா, அக்டோபர் நடுவில் வரும், மெயின் ஸ்ட்ரீட் முழுக்க ஆள். விழா பார்க்க ஆசை என்றால் விழாவுக்கு மட்டும் போங்கள், தோட்டத்தையும் அதோடு சேர்த்து ஒரே நாளில் முடிக்கலாம் என்று கணக்குப் போட்டால் இரண்டும் கெடும். அதற்கு முந்தைய திங்கட்கிழமை ராட்சதப் பூசணிகளை எடை போடும் போட்டி இருக்கிறது, அதற்கு முடிந்தால் போகலாம். 2023-இல் மினசோட்டாவிலிருந்து ஒருவர் கொண்டுவந்த காய் 2,749 பவுண்டு, நம் கணக்கில் 1,247 கிலோ, அந்த நேரத்தில் உலக சாதனை, பரிசு 30,000 டாலர். மாமாவிடம் அந்தப் படத்தைக் காட்டினேன். கொஞ்ச நேரம் போனைத் தள்ளிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இத எப்படிம்மா வண்டியில ஏத்துனான்?" என்றுதான் கேட்டார். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் காய் ஏற்றி அனுப்பியே ஆயுசில் பாதியைக் கழித்தவர், அவர் கவலை அவருக்கு.

துணிமணி விஷயத்தில் நம் ஆட்கள் எல்லாரும் ஏமாறுவார்கள். ஃப்ரீமாண்டில் வெயில் கொளுத்தும், அரைக்கைச் சட்டையோடு கிளம்புவார்கள், மலையைத் தாண்டினால் மூடுபனி. மலைக்கு இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் பத்துப் பன்னிரண்டு டிகிரி செல்சியஸ் வித்தியாசம் இருப்பது அங்கே சாதாரணம். ஸ்வெட்டர் கட்டாயம். காலுக்கு மூடின ஷூ. வெட்டிவிட்ட பூசணிக் காம்பும் காய்ந்த கொடியும் சுணை உள்ளவை, செருப்புக் காலில் நன்றாகக் கீறும். அத்தை புடவையோடு வந்தார், கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு எங்கள் எல்லாரையும் விட வேகமாக வரப்பில் நடந்தார், அது வேறு கதை.

காசு. பல தோட்டங்களில் உள்ளே போகக் கட்டணம் இல்லை அல்லது குறைவு, ஆனால் வைக்கோல் வண்டிச் சவாரிக்கு ஒன்று, குட்டி ரயிலுக்கு ஒன்று, ஆடு தொட்டுப் பார்க்க ஒன்று, காற்றடைத்த சறுக்குமரத்துக்கு ஒன்று என்று தனித்தனி டிக்கெட். மொத்தமாக ஒரு பட்டை வாங்கிக் கையில் கட்டிக்கொண்டால் எல்லாம் சேர்த்துக் கிடைக்கும். சின்னப் பிள்ளைகள் எப்படியும் ஆட்டுப்பட்டியிலேயே நின்றுவிடுவார்கள், அவர்களுக்குப் பட்டை வாங்குவது வீண். ஒருமுறை பட்டை வாங்கிய அரைமணி நேரத்தில் ரயில் பழுது என்று நிறுத்திவிட்டார்கள், காசு திரும்ப வரவில்லை. அதிலிருந்து முதலில் எல்லாம் ஓடுகிறதா என்று ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுத்தான் பர்ஸைத் திறப்பது. காயின் விலையும் அப்படித்தான், சில இடத்தில் எடைக்கு, சில இடத்தில் அளவுக்கு. அதே காய் சூப்பர் மார்க்கெட் வாசலில் பெரிய அட்டைத் தொட்டியில் பாதி விலைக்குக் குவிந்து கிடக்கும். தெரிந்துகொண்டே கொடுக்கிற காசுதான் இது.

சரி, தோட்டத்துக்குள் போவோம். நாங்கள் போன இடத்தில் முன்பக்கம் பெரிய வெற்றுத் தரை, அதில் ஆரஞ்சுக் காய்கள் அங்கங்கே அழகாகக் கிடந்தன, எல்லாரும் அதன் மேல் பிள்ளைகளை உட்காரவைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மாமா நுழைந்ததும் குனிந்து ஒரு காயைப் புரட்டினார். அடுத்ததைப் புரட்டினார்.

"ஏம்மா, இது காய்ச்ச எடத்துலயா கெடக்குது? கொடியவே காணோமே."

அதுதான் உண்மை. நிறையத் தோட்டங்களில் வேறு வயலில் விளைந்த காயை லாரியில் கொண்டுவந்து இறக்கிப் பரப்பி வைக்கிறார்கள். அதில் குற்றம் ஒன்றும் இல்லை, ஆயிரக்கணக்கான பேர் மிதித்து நடக்கிற இடத்தில் கொடி எப்படித் தாங்கும்? ஆனால் பிள்ளைகளுக்குச் செடியில் காய் இருப்பதைக் காட்ட வேண்டும் என்றால், வேலை செய்கிற யாரையாவது "கொடியோட இருக்கிற வயல் இருக்கா?" என்று கேளுங்கள். கேட்டோம், பின்பக்கம் ஒரு துண்டு வயலைக் கைகாட்டினார்கள். அங்கே கூட்டமே இல்லை.

மாமாவின் முகம் மாறியது அங்கேதான். கொடி முக்கால்வாசி காய்ந்து பழுப்பாகிவிட்டது, மீதி இலைகளில் மாவைத் தூவினாற்போல வெள்ளைப்படலம். ஒரு இலையைப் பறித்துக் கட்டைவிரலால் தேய்த்து என் மகளிடம் காட்டினார். "பாரு சாமி, சாம்பல் நோய். நம்மூர்லயும் பனி விழுற மாசத்துல இதே கதைதான்." கடற்கரை மூடுபனியும் மிதமான வெயிலும் அந்தப் பூஞ்சணத்துக்கு மிகவும் தோதானவை. சீசன் முடிவில் வந்தால் பெரிய நஷ்டம் இல்லை, காய் அதற்குள் முற்றிவிடும். விதைத்ததிலிருந்து அறுக்க மூன்று நான்கு மாதம் ஆகிறது, அக்டோபருக்கு வேண்டும் என்றால் மே கடைசி, ஜூனில் விதை போட்டிருப்பார்கள் என்று அவரே விரல் விட்டு எண்ணிக் கணக்குச் சொன்னார். ஒரு பூ மிச்சம் இருந்தது. அதன் அடியில் பிஞ்சு இல்லாததைக் காட்டி, இது ஆண் பூ, இதில் காய் வராது, தேனீ வந்து இதன் மகரந்தத்தை அடியில் பிஞ்சு இருக்கிற பூவுக்குக் கொண்டுபோனால்தான் காய் என்று அவர் சொல்ல, ஒன்பது வயது மகள் அதுவரை அவளுடைய ஐபேடுக்குக் கொடுக்காத கவனத்தோடு கேட்டுக்கொண்டிருந்தாள். அடுத்த வயலில் தடிமனான தண்டில் மேலிருந்து கீழ்வரை குட்டிக் குட்டி முட்டைக்கோஸ் ஒட்டிக்கொண்டு நின்றது, ப்ரஸ்ஸல்ஸ் ஸ்ப்ரவுட்ஸ், அந்தக் கடலோரத்தின் பேர்போன விளைச்சல். ஊரிலிருந்து பெரியவர்கள் வந்திருந்தால், குறிப்பாக வெள்ளாமை செய்தவர்கள் என்றால், சவாரியை எல்லாம் குறைத்துக்கொண்டு இதற்கு நேரம் ஒதுக்குங்கள். அவர்களுக்கும் அமெரிக்காவில் நாள் முழுக்கச் சோபாவில் உட்கார்ந்து அலுத்துப்போயிருக்கும்.

ஆட்டுப்பட்டி பற்றி ஒரே ஒரு கண்டிப்பு. ஆடு, கோழி, குதிரைக்குட்டி எல்லாம் தொட்ட பிறகு சோப்பும் தண்ணீரும் போட்டுக் கை கழுவணும், சானிடைசர் போதாது. ஈ.கோலை என்ற வயிற்றுப்போக்குக் கிருமியின் தொற்று இப்படிப்பட்ட இடங்களில் பிள்ளைகளுக்கு வந்திருக்கிறது, ஐந்து வயதுக்குக் கீழே இருந்தால் இன்னும் கவனம். உள்ளே நொறுக்குத்தீனி, பால் பாட்டில் எதையும் கையில் கொடுக்காதீர்கள். அத்தை இதைச் சொல்லாமலே செய்தார். அவருக்கு ஆடு தொட்ட கையோடு சாப்பிடுவது என்ற யோசனையே ஆகாது.

சோளக்கொல்லைப் புதிர்ப்பாதைக்கு ஒரு வார்த்தை. ஹாஃப் மூன் பே பக்கம் இருப்பவை சின்னவை, பயம் இல்லை. சாக்ரமென்டோ போகிற வழியில் டிக்சனில் ஒரு தோட்டம் 2014-இல் 60 ஏக்கரில் சோளப்பாதை போட்டுக் கின்னஸில் ஏறியது, உள்ளே போய் வழி தெரியாமல் 911 அவசர எண்ணுக்குப் போன் போட்டவர்கள் உண்டு. அதுமாதிரி பெரிய பாதைக்குள் போனால் தண்ணீர், சார்ஜ் உள்ள போன், கழிப்பறைக்குப் போய்வந்த பிள்ளை, மூன்றும் இருக்கட்டும்.

இனி முக்கியமானது, காய். பளபளவென்று உருண்டையாக, முகம் செதுக்கத் தோதாக இருக்கிற ஆரஞ்சுக் காய் இருக்கிறதே, அதில் கூட்டு வைத்தவர்களைக் கேளுங்கள். நாரும் தண்ணீரும்தான், இனிப்பே இருக்காது. ஹௌடன் மாதிரி ரகங்களைச் செதுக்குவதற்கென்றே வளர்க்கிறார்கள், ஓடு நேராக நிற்கணும், காம்பு பலமாக இருக்கணும், அவ்வளவுதான் எதிர்பார்ப்பு. நம்மூர்ப் பரங்கிக்காய் தாவரவியலில் வேறு இனம், மோஸ்கேட்டா. அமெரிக்காக்காரர்களுக்கும் இது தெரியும். லிப்பிஸ் கம்பெனி டப்பாவில் அடைத்து வருகிற பூசணி விழுதுக்கு இல்லினாயில் டிக்கின்சன் என்று வெளிறிய தோல் ரகம் ஒன்றை வளர்க்கிறார்கள், அதுவும் மோஸ்கேட்டாதான், பார்த்தால் யாரும் ஹாலோவீனுக்கு வாசலில் வைக்க மாட்டார்கள்.

அத்தை அந்த ஆரஞ்சுக் குவியலைப் பார்த்துவிட்டு, "இம்புட்டையும் சாப்பிட மாட்டாங்களா?" என்று கேட்டார். மாட்டார்கள் என்றேன். அதற்கப்புறம் அந்தப் பக்கமே அவர் திரும்பவில்லை.

ஓரமாக, அலங்காரத்துக்கு என்று ஒரு மேஜையில் கோணல்மாணலான காய்கள் அடுக்கியிருப்பார்கள். அங்கே போங்கள். வெளிர்பழுப்பு நிறத்தில் தட்டையாக இருக்கிற லாங் ஐலண்ட் சீஸ், ஆழமான பள்ளங்களோடு பச்சையும் பழுப்புமாக இருக்கிற ஃபேரிடேல், இரண்டும் மோஸ்கேட்டா, நம் வாய்க்கு அப்படியே ஒத்துவரும். சிவப்பும் ஆரஞ்சும் கலந்த தட்டையான சிண்ட்ரெல்லா, சாம்பல் நீல ஜாரடேல், மேலெல்லாம் வேர்க்கடலையை ஒட்டவைத்ததுபோல முண்டும் முடிச்சுமாக இருக்கிற ஒரு இளஞ்சிவப்புக் காய், இவை வேறு இனம், ஆனாலும் சமையலுக்கு நல்லவை. மாமா முடிச்சுக் காயைத் தொட்டுப் பார்த்து "அம்மை போட்ட காயாட்டம் இருக்கே" என்று முதலில் ஒதுக்கினார், பிறகு அதையும் வாங்கினோம், அடை மாதிரி இனிப்பாகத் தட்டச் சரியாக இருந்தது.

முற்றிய காயைக் கண்டுபிடிக்க அவர் செய்ததை அப்படியே சொல்கிறேன். நகத்தை ஓட்டில் அழுத்தினார், நகம் இறங்கவில்லை என்றால் சரி. காம்பு பச்சையாக, ஈரமாக இல்லாமல் தக்கை மாதிரி காய்ந்திருக்கணும். மண்ணில் பட்ட பக்கத்தைத் திருப்பி ஈரமோ மெத்தென்ற இடமோ இருக்கிறதா என்று பார்த்தார். கையில் தூக்கிப் பார்த்தார், அளவுக்குத் தகுந்த கனம் இருக்கணும். பையன் ஒரு காயைக் காம்பைப் பிடித்துத் தூக்கப் போனபோதுதான் குரலை உயர்த்தினார். காம்பு உடைந்தால் அந்த ஓட்டை வழியாகத்தான் அழுகல் இறங்கும், அடியில் கை கொடுத்துத்தான் தூக்கணும். ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டி வாசலிலேயே இருக்கும், காலையில் போனால் கிடைக்கும், மதியம் போனால் அதற்கும் வரிசை.

சமைக்கிற காயை ஈரம் இல்லாத, வெயில் படாத, குளிர்ந்த இடத்தில் ஒன்றோடு ஒன்று முட்டாமல் வைத்தால் இரண்டு மூன்று மாதம் தாராளமாக நிற்கும். 10 முதல் 13 டிகிரி செல்சியஸ் சரியான அளவு, எங்களுக்கு கராஜ் போதும். சிமெண்ட் தரையில் நேராக வைக்காமல் அட்டையோ பலகையோ போடுங்கள். வெட்டுவதுதான் பாடு. சில காய்களின் ஓடு கத்தியைத் திருப்பி அனுப்பிவிடும், நான்கைந்து இடத்தில் முள்கரண்டியால் குத்திவிட்டு மைக்ரோவேவில் இரண்டு மூன்று நிமிஷம் வைத்தால் ஓடு இளகும். மைக்ரோவேவில் நுழையாத காயை மாமா துணியில் சுற்றி பின்வாசல் படிக்கட்டில் ஒரே போடு போட்டார். அதுவும் ஒரு வழிதான்.

லாங் ஐலண்ட் சீஸில் அத்தை காராமணி போட்டுப் புளிக்குழம்பு வைத்தார். கடைசியில் ஒரு துண்டு வெல்லம், காய் தானே இனிப்பாக இருந்ததால் பாதியைப் போட்டுவிட்டு மீதியை டப்பாவுக்கே திருப்பினார். ஆரஞ்சுக் காயை முழுக்க வீணாக்க மனசு வரவில்லை என்றால் துவையலுக்கு அதன் சதை தாங்கும், உளுத்தம்பருப்பும் வரமிளகாயும் கொஞ்சம் தாராளமாக வறுத்துப் போட்டால் போதும். ஆனால் செதுக்கி வாசலில் வைத்த பிறகு அதைச் சமைக்காதீர்கள்.

செதுக்குவதை அக்டோபர் 31-க்கு இரண்டு மூன்று நாள் முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். முன்கூட்டியே செதுக்கினால் நம் பக்கத்து வெயிலில் நான்காம் நாள் முகம் உள்ளே சொருகி, உள்ளே கறுப்புப் பூஞ்சை பூத்துவிடும், பாதியை அணில் தின்றிருக்கும். மூடியை நேராக வெட்டாமல் சாய்வாக வெட்டினால் உள்ளே விழாது. உள்ளிருக்கும் நாரை எவ்வளவு சுரண்டுகிறீர்களோ அவ்வளவு நாள் கூட நிற்கும், முகம் வரும் பக்கத்தை ஒரு அங்குலத்துக்கு மெலிசாகச் சுரண்டினால் பிள்ளைகளால் அந்தச் சின்ன ரம்பத்தை வைத்தே வெட்ட முடியும். சமையல்கட்டுக் கத்தியை அவர்கள் கையில் கொடுக்க வேண்டாம். விளக்குக்கு பேட்டரியில் எரிகிறதே போதும்.

விதை. இதில்தான் எங்கள் வீட்டில் ஒரு சின்னப் போராட்டம். நன்றாக இருந்த காய்களின் விதையை எல்லாம் மாமா கழுவி, செய்தித்தாளில் உலர்த்தி, ஊருக்குக் கொண்டுபோவதாகத் தனியாகப் பொட்டலம் கட்டிவிட்டார். இந்திய அரசின் இறக்குமதி அனுமதியும், இங்கிருந்து பயிர்நலச் சான்றிதழும் இல்லாமல் விதைக்கிற விதையைக் கொண்டுபோகக் கூடாது என்று என் கணவர் சொல்லச் சொல்ல அவர் பொட்டலத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். சரி, இங்கேயே கொல்லையில் போடலாமே என்றார். அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது, ஒரே தோட்டத்தில் பல ரகமும் அலங்காரச் சுரைகளும் பக்கத்தில் பக்கத்தில் வளரும்போது தேனீ கலப்படம் செய்துவிடும், அடுத்த தலைமுறையில் என்ன காய் வரும் என்று யாருக்கும் தெரியாது. சிலது கடுங்கசப்பாக வரும், அந்தக் கசப்பு விஷம், வேகவைத்தாலும் போகாது. வீட்டில் முளைத்த பூசணியோ சுரையோ நாக்கில் வைத்ததும் கசந்தால் துப்பிவிட்டுக் குப்பையில் போடுங்கள், "கசப்பு உடம்புக்கு நல்லது" என்ற நம் பழக்கம் இங்கே ஆகாது. இதைக் கேட்டதும் மாமா பொட்டலத்தை அவரே கொண்டுவந்து அடுப்படியில் வைத்தார். உப்புத் தண்ணீரில் பத்து நிமிஷம் கொதிக்கவிட்டு, வடித்து, துணியில் ஒற்றி, கொஞ்சம் எண்ணெய், மிளகாய்த்தூள், பெருங்காயம் பிரட்டி, ஓவனில் 175 டிகிரி செல்சியஸில் கால்மணி, இருபது நிமிஷம் வறுத்தோம். நடுவில் ஒருமுறை கிளறிவிடணும். செதுக்குகிற காயின் விதைக்கும் இதே பக்குவம்தான், சதை சப்பென்று இருந்தாலும் அதன் விதை நன்றாகவே இருக்கும்.

நவம்பர் முதல் வாரத்தில் வாசல் காய் தளர ஆரம்பிக்கும்போதே எடுத்துவிடுங்கள், தரையோடு ஒட்டிய பிறகு சுரண்டி எடுப்பது பெரிய வேலை. கலிஃபோர்னியாவில் 2022-இலிருந்து உணவுக் கழிவைக் குப்பையிலிருந்து பிரித்துப் போட வேண்டும் என்று சட்டம் இருப்பதால் அது உரமாகப் போகிற பச்சைத் தொட்டிக்குத்தான் போகணும். விளக்கு, மெழுகு, பேட்டரி, பிள்ளைகள் ஒட்டிய பிளாஸ்டிக் கண் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுப் போடுங்கள். பெயிண்ட் அடித்தது, மினுமினுப்புத் தூள் தூவியது என்றால் பச்சைத் தொட்டியில் எடுக்க மாட்டார்கள், அது சாதாரணக் குப்பைக்கு. பெரிய காயை இரண்டாகப் பிளந்து போட்டால்தான் தொட்டி மூடி மூடும்.